ஜெர்சி மாறினால் விசுவாசம் போய்விடுமா?



இந்த மாத வகுப்புக்கான பாடம் காற்பந்தைப் பற்றியது. பந்து பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாளைக்கு நீங்களும் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போவீர்கள். அன்றைக்கு இந்தப் பாடம் உங்களுக்கும் தேவைப்படும்.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சண்டை

2013-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்த சமயம். மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு மாமாக் கடையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தேன். மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் ஆறவில்லை. காரணம், எஸ். குணாளன் சிலாங்கூரை விட்டு ஜொகூரின் ஜே.டி.தி. அணிக்குப் போகிறார் என்ற செய்தி.

"காசுக்குப் போயிட்டாருடா! நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு ஷா ஆலாம் ஸ்டேடியத்துல தொண்டை கிழியக் கத்தினோமே, அதுக்கெல்லாம் என்ன மரியாதை?" என்று நான்தான் அதிகம் சத்தம் போட்டேன்.

எங்களில் மூத்தவர் டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரு நெகிரி செம்பிலான விட்டு சிலாங்கூருக்கு வந்தப்போ நீ என்ன சொன்ன?"

"நல்ல முடிவுன்னு சொன்னேன் அண்ணே."

"அன்னைக்கு சிரம்பான்ல இதே மாதிரி ஒரு கடையில, உன்ன மாதிரி ஒருத்தன் என்ன சொல்லியிருப்பான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அண்ணன் அதோடு விடவும் இல்லை. "அது கெடக்கட்டும். தீபாவளி நேரத்துல துணிக்கடைய விட்டுட்டுப் போனியே, நீ எதுக்குப் போன?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தத் துணிக்கடைக் கதையைப் பாடத்தின் கடைசியில் சொல்கிறேன். முதலில் பந்துக்கு வருவோம்.

வந்தால் நல்லவர், போனால் துரோகியா?

குணாளன் நெகிரி செம்பிலான் பஹாவில் 1986-இல் பிறந்தவர். பள்ளிக் காலத்தில் ஓட்டப்பந்தய வீரர். அந்த வேகம்தான் அவரை வலது ஓரத்து ஆட்டக்காரராக ஆக்கியது. 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் சுசுகி கிண்ணத்தை வென்ற மலேசிய அணியில் அவர் இருந்தார். இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2011-இல் நெகிரி செம்பிலான் மலேசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் அந்த அணியில்தான் இருந்தார். அதன் பிறகு சிலாங்கூர், அதன் பிறகு ஜே.டி.தி.

கணக்கைப் பாருங்கள். அவர் இரண்டு முறை அணி மாறினார். முதல் முறை நமக்கு இனித்தது, இரண்டாம் முறை கசந்தது. அவர் செய்தது இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது நாம் நின்ற பக்கம். அப்படியென்றால் அன்று அந்த மாமாக் கடையில் நாங்கள் பேசியது விசுவாசத்தைப் பற்றியா, எங்கள் ஏமாற்றத்தைப் பற்றியா? இதுதான் இந்தப் பாடத்தின் முதல் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. அவருடைய ஒப்பந்தத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "காசுக்காகத்தான்" என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். 2014-இல் ஜே.டி.தி. முதல் முறையாக சூப்பர் லீக்கை வென்றது. 2015 அக்டோபர் 31-ஆம் தேதி துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கைப்பற்றியது. தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் அதுதான். ஓர் ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு மேடை வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா? நல்ல திடல், நல்ல பயிற்சியாளர், மாதம் தவறாத சம்பளம், பெரிய போட்டி எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை இழுக்கும். அதையெல்லாம் "காசு" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது நமக்குச் சுலபம், அவ்வளவுதான்.

அந்தக் காலம் வேறு

"அந்தக் காலத்துல ஆருமுகம், மொக்தார் டஹாரி எல்லாம் காசு பாத்தா வெளையாடினாங்க?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோல் கம்பத்தில் நீண்ட கைகளோடு நின்றதால் "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வாங்கிய ஆர். ஆருமுகம் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் மரியாதையாக எழுந்து உட்காரும் பெரியவர்கள் கிள்ளானில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் பந்து ஒரு தொழிலாக இல்லை. ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்தார்கள், மாலையில் பயிற்சிக்குப் போனார்கள். மாநிலம்தான் அணி, வசிக்கும் ஊரை விட்டுவிட்டு அணி மாற வேண்டிய தேவை குறைவு. 1989-இல்தான் நம் நாட்டில் பகுதித் தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் அது முழுத் தொழில்முறை ஆனது. அன்றிலிருந்து பந்துதான் வேலை, சம்பளம்தான் சோறு. அந்தக் காலத்து மனிதர்களின் மனசு பெரியது, உண்மை. ஆனால் அவர்களுக்கு வைக்காத பரீட்சையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல் போடுவது நியாயமில்லை.

பணத்தின் பக்கம் என்ன நியாயம்?

ஒரு குமாஸ்தா 60 வயது வரை வேலை செய்யலாம். பந்து விளையாடுபவர் 35 வயதில் பெரும்பாலும் முடித்துவிடுவார். முழங்கால் போனால் 25 வயதிலேயே முடியலாம். அந்தப் பத்துப் பதினைந்து வருசத்தில் சம்பாதிப்பதுதான் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும். அவர் காலுக்கு ரசிகர்கள் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறோமா? இல்லை.

அடுத்தது, வராத சம்பளம். நம் நாட்டில் சில அணிகள் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்த செய்தியைப் பத்திரிகையில் பலமுறை படித்திருப்பீர்கள். ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ.எம். இதற்காகத் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்திருக்கிறது. ஃபிஃபா 2018-இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் 15 நாள் தவணை கொடுக்கலாம். அதற்குள் பணம் வரவில்லையென்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போகலாம். அப்படிப் போகிறவரைத் துரோகி என்றால், வாக்கை முதலில் உடைத்தவருக்கு என்ன பெயர்?

மூன்றாவது, கிளப்பும் நம்மை விட்டுப் போகும். இது நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயரில் வளர்ந்த மீஃபா அணி, பி.ஜே. சிட்டி என்ற பெயரோடு 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் பிள்ளைகள் பலருக்கு அது பெரிய கதவு. 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதில் ஆடியவர்கள் வேறு அணி தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. 2025-இல் பகாங், பேராக் போன்ற பழைய பெயர்களே சூப்பர் லீக்கில் இல்லாமல் போயின. கணக்குப் புத்தகம் பார்த்துக் கிளப் கதவைச் சாத்தும்போது யாரும் அதைத் துரோகி என்று கத்துவதில்லை. ஆட்டக்காரர் தன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் மட்டும் கத்துகிறோம்.

விசுவாசத்தின் பக்கம் என்ன நியாயம்?

இவ்வளவு சொன்னதால், "காசு கொடுக்கிறவன் பின்னால் போய்விட வேண்டியதுதானே" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கமும் கனமாகத்தான் இருக்கிறது.

இத்தாலியின் பிரான்செஸ்கோ டோட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமில் பிறந்தார், 1993-இல் 16 வயதில் ரோமா அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார், 2017-இல் அதே அணியில் கடைசி ஆட்டம். மொத்தம் 786 ஆட்டம், 307 கோல். ரியல் மாட்ரிட் அவரை விரும்பியும் போகவில்லை. இத்தனை வருசத்தில் கிடைத்த லீக் பட்டம் ஒன்றே ஒன்று. அவர் விடைபெற்ற நாளில் ஸ்டேடியமே அழுதது. அந்தக் கண்ணீரை எந்தச் சம்பளத்தாலும் வாங்க முடியாது.

ஆனால் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். டோட்டி இலவசமாக ஆடவில்லை. நல்ல சம்பளமும் கிடைத்தது. நின்றவர் எல்லாம் பணத்தை வெறுத்தவர் இல்லை, போனவர் எல்லாம் பணப்பேயும் இல்லை. அதே டோட்டி ஓய்வுக்குப் பிறகு ரோமா நிர்வாகத்தில் சேர்ந்து, முடிவுகளில் தன்னைக் கேட்பதே இல்லை என்ற மனக்கசப்போடு 2019-இல் வெளியேறினார். 24 வருசம் கொடுத்த விசுவாசத்தை அந்த அலுவலகம் அதே அளவில் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர் ஜனங்கள்தான் கொடுத்தார்கள்.

எதிர்ப்பக்கம் லூயிஸ் ஃபீகோ. 2000-இல் பார்சலோனாவை விட்டு, அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002 நவம்பரில் பார்சலோனா திடலில் அவர் ஆடவந்தபோது ரசிகர்கள் ஒரு பன்றித் தலையைத் திடலில் எறிந்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்த வழிப்படி, உரிய தொகை கட்டப்பட்டுத்தான் அவர் போனார். சட்டப்படி தவறில்லை. ஆனாலும் அந்த ரசிகர்களின் வலி பொய்யில்லை. எறிந்தது அநாகரிகம், வலி உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள்.

உண்மையான துரோகம் எது?

இப்போது ஒரு கசப்பான பக்கம். முழுத் தொழில்முறை லீக் தொடங்கிய அதே 1994-இல்தான் நம் நாட்டுப் பந்து வரலாற்றின் பெரிய அவமானமும் வெளியே வந்தது. சூதாட்டக் கும்பலிடம் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றார்கள். 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள்; ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேருக்குத் தடை. சிலரை வேறு மாவட்டங்களுக்கே அனுப்பி அங்கேயே இருக்க வைத்தார்கள். ஸ்டேடியத்துக்குப் போவதையே விட்டுவிட்ட அப்பாக்கள் அந்தக் காலத்தில் நிறைய.

நன்றாக யோசியுங்கள். ஆட்டத்தை விற்றவர்கள் அணி மாறவில்லை. அதே ஜெர்சியைத்தான் போட்டிருந்தார்கள். மார்பில் மாநிலச் சின்னம், கூட்டத்தில் சொந்த ஊர் ஜனம். வெளியிலிருந்து பார்த்தால் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே விற்றாகிவிட்டது. ஜெர்சியை மாற்றாமலேயே துரோகம் செய்யலாம் தம்பி. ஜெர்சியை மாற்றிக்கொண்டும் நேர்மையாக இருக்கலாம். அதனால் விசுவாசம் என்பது போனாரா, இருந்தாரா என்பதில் இல்லை. இருந்த நாளில் எப்படி ஆடினார் என்பதில் முதலில் இருக்கிறது.

சம்பளம் வேறு, நன்றி வேறு

செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்கு உடனே கர்ணன் ஞாபகம் வரும். சபையில் எல்லாரும் குலம் கேட்டு அவமானப்படுத்தியபோது துரியோதனன் ஒருவன்தான் கை கொடுத்தான். அந்தக் கடனுக்காகக் கர்ணன் கடைசிவரை நின்றான். அப்படியானால் அணி மாறுகிறவர் எல்லாரும் செஞ்சோற்றுக் கடனை மறந்தவர்களா?

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கர்ணனுக்குக் கிடைத்தது சம்பளம் இல்லை. யாரும் மதிக்காத நேரத்தில் கிடைத்த மரியாதை. சம்பளம் உழைப்புக்குக் கொடுப்பது. ஒழுங்காக உழைத்தால் மாதக் கடைசியில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஆனால் நீங்கள் யாரென்றே உலகத்துக்குத் தெரியாதபோது தன் பணத்தில் உங்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த வாத்தியார், மழையில் மோட்டார் சைக்கிளில் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போன மாமா, தோட்டத்து அணியில் உங்களுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த அண்ணன் ஆகியோருக்கு நீங்கள் பட்ட கடன் எந்தச் சம்பளத்திலும் தீராது. அந்தக் கடனைத் தீர்க்க அதே அணியிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகு ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளித் திடலுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளோடு நின்றால், அதுவும் கடன் தீர்ப்பதுதான்.

துணிக்கடைக் கதை

சொன்ன வாக்குப்படி இப்போது என் கதை. 2009-இல் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். முதலாளி தமிழ் முஸ்லிம், அப்பா வயசு. எஸ்.பி.எம். தேர்வில் நான் சரியாகச் செய்யாமல், எங்கேயும் வேலை கிடைக்காமல் அலைந்த நேரத்தில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர். சேலை மடிக்க, மீட்டர் கணக்கு போட, வாடிக்கையாளரிடம் பேச எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். சம்பளம் 900 வெள்ளி.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இன்னொரு கடைக்காரர் 1,150 வெள்ளி தருவதாகச் சொன்னார். "நாளைக்கே வரணும்" என்றார். வீட்டில் தங்கைக்குப் பள்ளிச் செலவு, அம்மாவுக்கு மருந்து. மறுநாள் காலையில் முதலாளிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிவிட்டுப் புதுக்கடைக்குப் போய்விட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் தெருவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அந்தக் கடையில் முதலாளியே மேசை ஏறி மேல்தட்டிலிருந்து சேலைக் கட்டுகளை இறக்கியதை எதிர்ப்பக்கம் நடந்து போகும்போது பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

அந்த மாமாக் கடைச் சண்டை முடிந்து ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. கடைசியில் அவரைப் பார்க்கப் போனேன். கல்லாவில்தான் இருந்தார்.

"மன்னிச்சிருங்க முதலாளி. காசுக்காகப் போயிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காசுக்குப் போனது தப்பு இல்ல தம்பி. நானும் காசுக்குத்தான் ஊர விட்டு இங்க வந்தேன். தீபாவளி முடிஞ்சு சொல்லியிருந்தா நானே நல்ல நாள் பாத்து அனுப்பியிருப்பேன். சொல்லாம போன பாரு, அதான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். குணாளனைத் துரோகி என்று கத்திய எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அவர் பருவம் முடிந்த பிறகு, ஊருக்கே தெரியும்படி போனார். பருவத்தின் நடுவில் சத்தமில்லாமல் போனவன் நான்.

கையில் வைத்துக்கொள்ள

அணி மாறும் முன், வேலை மாறும் முன், இயக்கப் பொறுப்பை விடும் முன் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, கொடுத்த வாக்கின் கடைசி நாள் வரை முழு மனதோடு ஆடினேனா? ஃபிஃபா விதியே ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு அணியோடு பேச அனுமதிக்கிறது. பேசலாம், ஆனால் அந்த ஆறு மாதமும் கால் இந்தப் பக்கம்தான் ஓட வேண்டும்.

இரண்டு, போவதை முகத்தைப் பார்த்துச் சொன்னேனா? என் இடத்தை நிரப்ப அவர்களுக்கு நேரம் கொடுத்தேனா?

மூன்று, என்னை ஆளாக்கியவர் யார் என்று போன இடத்திலும் சொல்வேனா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் தைரியமாகப் போங்கள். கூடுதல் சம்பளம் பாவம் இல்லை. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கொஞ்சம் நில்லுங்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். என்னைப் போல நாலு வருசம் கழித்துப் போய் நிற்க வேண்டாம்.

வகுப்பில் பேசுவதற்கு

1. நமக்குப் பிடித்த ஆட்டக்காரர் நம் அணிக்கு வந்தால் மகிழ்கிறோம், போனால் திட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியுமா?

2. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அணி கீழிறங்காமல் தப்பிக்கும். நீங்கள் அந்த ஆட்டக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவருடைய மனைவியாக இருந்தால்?

3. அணி மாறாமலேயே துரோகம் செய்ய முடியும் என்பதற்கு உங்கள் பள்ளியிலிருந்தோ வேலை இடத்திலிருந்தோ ஓர் உதாரணம் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

4. வீட்டுப்பாடம்: உங்களுக்கு முதல் வாய்ப்பு கொடுத்த ஒருவரை இந்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் போன் போடுங்கள். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பாதீர்கள்.

அடுத்த வகுப்பில் சந்திப்போம்.